கண் அளந்த பின் கருவி அளக்கட்டும்

(பரிசளிப்பு விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை ஆற்றிய உரை)

  

கணக்குப் பாடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார். கணக்கு என்றதும் பெற்றோர்கள் வாய்பாட்டைத்தான் நினைப்பீர்கள். வாய்பாடு வேண்டியதுதான். ஆனால் நான் இன்று எடுத்துக்கொண்டது கோணம். ஏன் கோணம் என்று கேட்பீர்கள். அந்தப் பாடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறுதான் எனக்கு ஆசிரியத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது. பயிற்சிக் கல்லூரியில் வாங்கிய சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றது. அதில் எழுதப்படாத ஒரு பாடத்தை இப்பள்ளியின் ஒரு மாணவி எனக்குச் சொல்லித் தந்தாள்.

2017ஆம் ஆண்டு. நான் இப்பள்ளிக்கு வந்து இரண்டாம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கோணம் அளக்கும் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் ஒரு கோணம் வரைந்து, மரத்தாலான பெரிய கோணமானியை வைத்து, "பாருங்கள், இப்படித்தான் வைக்க வேண்டும், இப்படித்தான் படிக்க வேண்டும்" என்று சொல்லி, 120 பாகை என்று எழுதினேன். அதே கோணம் மாணவர்களின் பயிற்சித் தாளிலும் இருந்தது. எல்லாரும் தலையைக் குனிந்து 120 என்று எழுதினார்கள். மணி அடித்தது. நானும் திருப்தியோடு வகுப்பை விட்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் தாளில் கண் நின்றது. 120 என்ற எண்ணுக்கு அடியில் அழிப்பானால் அழித்த தடம் தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை முதலில் 60 என்று எழுதியிருக்கிறாள். பிறகு அழித்துவிட்டு 120 என்று எழுதியிருக்கிறாள். அப்போதுதான் அந்தக் கோணத்தை நானே உற்றுப் பார்த்தேன். அது ஒரு ஒடுங்கிய கோணம். தாளின் மூலையைவிடச் சிறியது. அது எப்படி 120 ஆகும்? கோணமானியில் இருக்கும் இரண்டு வரிசை எண்களில் தவறான வரிசையை நான் படித்துவிட்டேன்!

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா அழிச்சே?" என்று கேட்டேன். அவள் பயந்துபோய், "டீச்சர் எழுதுனா சரியாத்தானே இருக்கும்" என்றாள்.

அன்பர்களே, தவறாக அளந்ததற்காக நான் அவ்வளவு வருந்தவில்லை. தவறு யாருக்கும் வரும். சரியான விடையைத் தன் கையாலேயே ஒரு பிள்ளை அழித்தாளே, அதுதான் என்னை உறுத்தியது. மற்ற பிள்ளைகள் அந்தக் கோணத்தைப் பார்க்கவே இல்லை. எண்ணை மட்டும் பார்த்தார்கள். இவள் பார்த்தாள், ஆனால் தன் கண்ணை நம்பவில்லை. இரண்டுக்கும் காரணம் நான்தான். கோணம் என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்டாமல் முதல் நாளே கருவியைக் கையில் கொடுத்துவிட்டேன்.

வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தினேன். அந்த வாரக் கடைசியில் அவள் வீட்டுக்கும் போனேன். அவள் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், ஆதலால் சொல்லவில்லை. "நான் மூனாவது வரைக்குந்தான் டீச்சர். கணக்கெல்லாம் எனக்கு என்னா தெரியும்? புள்ளைக்கு நீங்கதான் பாத்து சொல்லிக் குடுக்கணும்" என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது வாசலில் ஒரு பொருள் சாத்தியிருந்தது. புது மரத்தில் வெட்டுக்கோடு போடும் தகடு. ஒரு நேரான சட்டத்தில் நீண்ட தகரப் பட்டையைச் சாய்வாக அடித்திருப்பார்களே, அதுதான்.

"இந்தச் சாய்வு எவ்வளவு?" என்று கேட்டேன். "அளவெல்லாம் தெரியாது டீச்சர், ஆனா தப்பா இருந்தா பாத்த ஒடனே தெரிஞ்சிரும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோடு ரொம்பப் படுத்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையில் வழிந்துவிடும். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் கோடு கீழே வந்து சேரும்போது பட்டை வீணாகும் என்று விளக்கினார். பெற்றோர்களே, இதைவிடச் சிறந்த கோணப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மகளைக் கூப்பிட்டு, கோணமானியை எடுத்து வரச் சொன்னேன். தகட்டைத் தரையில் படுக்க வைத்து அளந்தாள். சட்டத்துக்கும் தகரப் பட்டைக்கும் நடுவே, கீழ்ப்பக்கத்தில் 60 பாகை. மேல்பக்கத்தில் 120 பாகை. பார்த்தீர்களா, வகுப்பில் எங்களைக் குழப்பிய அதே இரண்டு எண்கள்! சட்டம் ஒரே நேர்க்கோடு. நேர்க்கோட்டின் ஒரு பக்கம் முழுவதும் 180 பாகை. அதைத் தகரப் பட்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று 60 என்றால் மற்றது 120 ஆகத்தான் இருக்க வேண்டும். கோணமானியின் இரண்டு வரிசைகளும் அப்படியே. எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் பாருங்கள், மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டினால் 180 வரும். தவறான வரிசையைப் படிப்பவர் பக்கத்துக் கோணத்தின் அளவைத்தான் சொல்கிறார்.

ஒட்டுமரத்துக்கு வெட்டுக்கோட்டின் சரிவு 30 பாகை என்பதே நம் நாட்டில் வழங்கி வரும் முறை. விதைமரத்துக்கு 25 பாகை. நாங்கள் அளந்தது 60 ஆயிற்றே என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "சட்டம் நிக்குது டீச்சர். சரிவை தரையிலேர்ந்து பாக்கணும். தொண்ணூறுல அறுபது போனா முப்பது!" என்றாள். அவள் தந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபது ஆண்டுகளாகக் கையில் பிடித்த பொருளுக்கு மகள் பெயர் வைத்துவிட்டாள்.

கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வருகிறது என்றும் கேட்டாள். "பெரியவங்க அப்படித்தான் காட்டுனாங்க" என்றார் தந்தை. அதற்கும் காரணம் உண்டு. பட்டைக்குள் பால் குழாய்கள் நேர் மேலாகப் போவதில்லை. மேலே போகப் போகச் சில பாகை வலப்பக்கம் சாய்ந்து போகின்றன. ஆகையால் இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கிறது. பால் கூடுதலாகக் கிடைக்கிறது. 1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துப் பரப்பினார். நம் பாட்டன் பூட்டன் காலத்துக் காடுகள் எல்லாம் அந்தச் சாய்வுக் கோட்டின் மேல் எழுந்தவைதான்.

அன்று முதல் நான் கோணப் பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டிலும் நீங்கள் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

முதலில், கோணம் என்பது திரும்புதல் என்று காட்டுகிறேன். பிள்ளைகளைத் திடலில் நிறுத்தி, கொடிக்கம்பத்தைப் பார்க்கச் சொல்லி, முழுச் சுற்று, அரைச் சுற்று, கால் சுற்று திரும்பச் சொல்கிறேன். முழுச் சுற்று 360 பாகை, அரைச் சுற்று 180, கால் சுற்று 90. கால் சுற்றுக்குத்தான் செங்கோணம் என்று பெயர். அதைவிடக் குறைந்தது குறுங்கோணம். செங்கோணத்தைத் தாண்டி அரைச் சுற்றுக்குள் நிற்பது விரிகோணம். வீட்டுக் கதவைத் திறந்து மூடினால் இந்த மூன்றும் கண்முன்னே வந்துவிடும். முழுச் சுற்றுக்கு ஏன் 100 வைக்கவில்லை, ஏன் 360 என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். இது பழைய பாபிலோனியர் வழியாக நமக்கு வந்தது. அவர்கள் அறுபது அறுபதாக எண்ணியவர்கள். 360ஐ 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 என்று எதனால் வகுத்தாலும் மீதி வராது. வசதியான எண்.

அடுத்து ஒரு சோதனை. நீளமான கைகள் உள்ள சிறிய கோணம் ஒன்றையும், குட்டையான கைகள் உள்ள பெரிய கோணம் ஒன்றையும் வரைந்து, எது பெரியது என்று கேட்பேன். பாதி வகுப்புக்கு மேல் நீளக் கைகளைத்தான் காட்டும். கோடு நீண்டால் கோணமும் பெரியது என்பது பிள்ளைகளின் எண்ணம். இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. இரண்டு ஈர்க்குகளை ஒரு முனையில் ஊசியால் குத்தி, கத்தரிக்கோல் போல விரித்துக் காட்டுவேன். பிறகு ஒரு ஈர்க்கைப் பாதியில் ஒடித்துவிடுவேன். "கோணம் மாறுச்சா?" கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவன், "ஈர்க்குதான் ஒடிஞ்சது டீச்சர், விரிச்சது அப்படியேதான் இருக்கு" என்பான். அந்தப் பாடம் அன்றோடு முடிந்தது.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு கிழிந்த தாள். விளிம்பு எப்படிக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு முறை மடிக்க வேண்டும். மடிப்பின் மேல் மடிப்பு பொருந்தும்படி இன்னொரு முறை மடிக்க வேண்டும். செங்கோணம் வந்துவிட்டது. அதையே மறுபடி நடுவில் மடித்தால் 45 பாகை. இந்த மடித்த மூலைதான் எங்கள் வகுப்பின் முதல் அளவுகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மூலை, சன்னல், கூரைச் சாய்வு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பார்த்து, "இதைவிடப் பெரிதா, சிறிதா?" என்று சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வாரம் விடுகிறேன். அந்த வாரம் கோணமானி என் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும்.

அதன் பிறகுதான் கருவி. அப்போதும் ஒரு சட்டம் உண்டு: அளப்பதற்கு முன் கண்ணால் மதிப்பிட்டு, அந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுத வேண்டும். பிறகு அளக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒத்து வராவிட்டால் திரும்பப் பார்க்க வேண்டும். குறுங்கோணம் என்று ஓரத்தில் எழுதியவன் 120 என்று விடை எழுத மாட்டான். கோணமானியின் நடுப்புள்ளி கோணத்தின் முனையில் சரியாக உட்கார வேண்டும். கருவியின் அடிவிளிம்பு வேறு, பூச்சியக் கோடு வேறு. பல கோணமானிகளில் பூச்சியக் கோடு விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். கோணத்தின் ஒரு கை எந்தப் பூச்சியத்தைத் தொடுகிறதோ, அந்த வரிசையில்தான் எண்ணிக்கொண்டு போக வேண்டும். கை குட்டையாக இருந்து எண்ணைத் தொடாவிட்டால் அடிக்கோலை வைத்து நீட்டிக்கொள்ளலாம். நீட்டினால் கோணம் மாறாது; ஈர்க்கு ஒடித்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள்!

வரைவதும் இதே வழிதான். அடிக்கோடு, முனையில் புள்ளி, பூச்சியத்திலிருந்து எண்ணி மறு புள்ளி, இரண்டையும் சேர்க்கும் கோடு. பென்சிலைக் கூர்மையாகச் சீவ வேண்டும். வரைந்த பின் மடித்த தாளை வைத்துப் பார்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. அது அளக்காமலே அறிவது. ஒவ்வொருவரும் உங்கள் இஷ்டப்படி ஒரு முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? யார் முக்கோணமும் இன்னொருவர் முக்கோணம் மாதிரி இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே நேர்க்கோடு வந்தது. ஆகவே மூன்று கோணமும் சேர்ந்து 180. ஒன்று 70, இன்னொன்று 50 என்று தெரிந்தால் மூன்றாவது 60. கருவியே வேண்டாம். அளந்து கூட்டிய சிலருக்கு 179 வந்தது, சிலருக்கு 182 வந்தது. நான் அதற்குத் தப்புப் போடவில்லை. பென்சில் கோட்டுக்கும் தடிப்பு உண்டு. அளவு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஏன் சரியாக 180 என்பதற்குரிய விளக்கத்தை இடைநிலைப்பள்ளியில் படிப்பீர்கள். அங்கே கோணத்தைச் 'சூடுட்' என்பார்கள். பெயர் மாறினாலும் பொருள் அதுதான்; மிரள வேண்டாம்.

கடிகாரத்திலும் இந்த யோசனை இருக்கிறது. மூன்று மணிக்கு இரண்டு முள்ளுக்கும் நடுவே 90 பாகை. மூன்றரை மணிக்கு? சட்டென்று 90 என்றுதான் சொல்வீர்கள். ஆனால் பெரிய முள் ஆறுக்கு வருவதற்குள் சின்ன முள் சும்மா இருக்குமா? மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் போய் நிற்கும். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு 30 பாகை. இரண்டரை இடம் என்றால் 75 பாகை. இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

செம்பனைக் காட்டில் வேலை செய்யும் பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று. செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுகிறோம். பொதுவாக மரத்துக்கு மரம் 9 மீட்டர். மூன்று பக்கமும் சமம் என்பதால் ஒவ்வொரு மூலையும் 60 பாகை. ஒரு மரத்தடியில் நின்று சுற்றிப் பாருங்கள், அதே தூரத்தில் ஆறு மரங்கள் நிற்கும். ஆறு அறுபது 360. இப்படி நட்டால் ஓர் எக்டருக்கு ஏறத்தாழ 143 மரம் பிடிக்கும். அதே 9 மீட்டரில் சதுரமாக நட்டால் 123 மரம்தான். எல்லா மரத்துக்கும் வெளிச்சமும் சமமாகக் கிடைக்கும். கயிற்றில் சம தூரத்தில் மூன்று முடிச்சுப் போட்டு, மூன்று பிள்ளைகள் பிடித்து இழுத்து இதையே திடலில் செய்து பார்த்தோம். கோணமானி இல்லாமலே 60 பாகை வந்தது.

கோத்தோங் ரோயோங் அன்று செப்பாக் தக்ராவ் ஆடுகளத்துக்குக் கோடு போட்ட தந்தைமார்களை நான் மறக்கவில்லை. மூலையில் 3 அடி ஒரு பக்கம், 4 அடி மறு பக்கம் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று இழுத்துப் பார்த்தீர்கள். "கட்டட வேலையில கத்துக்கிட்டது டீச்சர்" என்றீர்கள். 5 அடி வந்தால் மூலை செங்கோணம். உலகத்தின் மிகப் பழைய கணக்குகளில் அது ஒன்று. ஆகவே "எங்களுக்குக் கணக்குத் தெரியாது" என்று இனிமேல் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள் என்று மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அப்படிச் சொன்னால், கணக்கு என்பது வேறு யாருக்கோ சொந்தமான பொருள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது இரண்டே காரியம். முதலாவது, உங்கள் வேலையில் இருக்கும் கோணத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். தகடு, கூரை, ஏணி, கயிறு, எதுவானாலும் சரி. "இது ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, பிள்ளை ஒரு விடை சொன்னால், சரியா தப்பா என்று உடனே சொல்லாமல், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதியோர் வாக்கு. கண் மட்டும் போதாது, கருவி வேண்டும். கருவி மட்டும் போதாது, கண் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் நின்று யோசிக்கும் பழக்கம் வேண்டும். இந்தப் பழக்கம் கணக்குப் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. நாளைக்கு இந்தப் பிள்ளை நிறுவைத் தராசின் முன்னே நிற்கும். சம்பளச் சீட்டை வாங்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும். அச்சடித்த எண்ணாயிற்றே, பெரியவர் சொன்னதாயிற்றே என்று தன் கணக்கை அழித்துவிட்டு அதையே எழுதிக்கொள்ளும் பிள்ளையாக அது வளரக்கூடாது. "ஐயா, இது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே, திரும்பப் பார்க்கலாமா?" என்று மரியாதையோடு கேட்கும் பிள்ளையாக வளர வேண்டும்.

இன்று மேடையில் அதிகப் புள்ளிகள் பெற்ற மாணவர்களுக்குப் பரிசு வழங்குகிறோம். அவர்களுக்கு என் மனமார்ந்த பாராட்டு. என் வகுப்பில் கைத்தட்டலுக்கு உரிய இன்னொரு காரியமும் உண்டு. கரும்பலகையில் நான் தவறாக எழுதும்போது கையைத் தூக்குகிறவருக்கு வகுப்பே கைதட்டும். சில நாள் நான் வேண்டுமென்றே தவறாக எழுதுவேன். சில நாள் தெரியாமலே எழுதிவிடுவேன். எது எது என்று அவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்தப் பழைய தாளை அவள் எனக்கே கொடுத்துவிட்டாள். 60 அழிந்து 120 எழுதிய அந்தத் தாளை என் பாடக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். கோணப் பாடம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறேன்.